வீட்டுத் தேனை இன்ஸ்டா, வாட்ஸ்அப்பில் விற்க ஏஜென்சி சொல்லும் வழி சரியா?

அருமனை பெட்டித்தேன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனை பக்கம். அப்பா ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைப்பவர், தாத்தாவும் அப்படித்தான். எடுக்கிற தேனில் முக்கால்வாசி டின்னோடு மொத்த வியாபாரிக்குப் போய்விடும். மீதியை அக்கம்பக்கத்திலும் சொந்தக்காரர்களுக்கும் கொடுப்போம். அதே தேன் சென்னைக் கடையில் பாட்டிலில் என்ன விலைக்கு நிற்கிறது என்று பார்த்த பிறகு, இந்த சீசனிலிருந்து நாங்களே அடைத்து விற்கலாம் என்று வீட்டில் பேசி முடித்தோம். அப்பாவுக்குப் பெட்டிதான் தெரியும், விற்பது என் பொறுப்பு. நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் இதற்கு நேரம்.

விளம்பரத்துக்காக ஒரு ஏஜென்சிக்காரரைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் கொடுத்த திட்டத்தைப் படித்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை.

முதலில் இன்ஸ்டாவில் பத்தாயிரம் ஃபாலோயர் வாங்கிப் போடுவார்களாம். கூகுளில் ஐந்து நட்சத்திர ரிவ்யூ எல்லாம் அவர்களே எழுதித் தருவார்களாம். பாட்டிலில் ரப்பர் தேன் என்று போடவே கூடாதாம், ரப்பர் என்றால் ஜனங்களுக்கு டயர்தான் ஞாபகம் வருமாம். "மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுத் தேன்" என்று போட்டு, பாறையில் தொங்கும் பெரிய தேனடைப் படம் ஒன்றை நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாமாம். சுகர், கேன்சர், மூட்டுவலி என்று தினம் ஒரு போஸ்ட். அப்புறம் அம்மாவின் சுயஉதவிக் குழு, ஆலயக் குழு, என் காலேஜ் குழு எல்லாவற்றிலிருந்தும் நம்பர்களை எடுத்து ஒரே வாட்ஸ்அப் குரூப். கடைசியாக ஒரு வ்லாகரை வரவழைத்து, "தற்செயலாக இந்தப் பக்கம் வந்தேன், இப்படி ஒரு தேன் சாப்பிட்டதே இல்லை" என்று ஒரு ரீல்.

"எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். நீங்கள் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தால் சரக்கு வீட்டிலேயே இருக்கும்" என்கிறார். அப்பாவிடம் சொன்னேன். காட்டுத் தேன் என்று போடுவதைக் கேட்டதும் எழுந்து மாட்டுத் தொழுத்துப் பக்கம் போய்விட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. ஆன்லைனில் பொருள் விற்கிற நம்ம மாவட்டத்துக்காரர்கள் யாராவது இருந்தால், இதில் எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்லுங்கள்.

முக்கடல் கடை

மக்கா, நான் கன்னியாகுமரியில் கருப்பட்டியும் நேந்திரங்காய் சிப்ஸும் விற்கிறவன். தேனைப் பற்றி எனக்குத் தெரியாது. ஃபாலோயர், ரிவ்யூ, வ்லாகர் இந்த மூன்றையும் பற்றிச் சொல்கிறேன்.

காசுக்கு வரும் ஃபாலோயர் பெரும்பாலும் ஆளில்லாத கணக்கு. நீ ஒரு படம் போட்டால் இன்ஸ்டா அதை எல்லோருக்கும் ஒரேயடியாகக் காட்டாது. பார்த்தவர்கள் நின்று பார்க்கிறார்களா, சேமிக்கிறார்களா, மற்றவருக்கு அனுப்புகிறார்களா என்பதை வைத்துத்தான் மேலும் பலருக்குத் தள்ளும். ஃபாலோயர் பட்டியலில் பாதி பொய்யாக இருந்தால் உன் படத்தை யார் நின்று பார்ப்பது? நல்ல படமாக இருந்தாலும் அங்கேயே படுத்துவிடும். அந்தக் கம்பெனியே அவ்வப்போது பொய்க் கணக்குகளைக் களையெடுக்கிறது, அன்றைக்கு எண்ணிக்கை சரிவதை ஊரே பார்க்கும். உனக்குத் தேவை தேன் வாங்குகிற நூறு பேர். அவர்கள் மெதுவாகத்தான் வருவார்கள்.

ரிவ்யூ கேட்பதில் தப்பே இல்லை. என் கடையில் பில் கொடுக்கும்போது "சிப்ஸ் எப்படி இருந்தது என்று கூகுளில் எழுதுங்க" என்று எல்லோரிடமும் சொல்வேன், முகம் சுளித்துப் போகிறவரிடமும் சொல்வேன். ஐந்து நட்சத்திரம் போட்டால் தள்ளுபடி என்று சொல்வது கூகுளின் விதிக்கே எதிரானது. எழுதி வாங்கும் ரிவ்யூவும் அப்படித்தான், கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள். அதற்கும் முன்னால் ஜனங்களே கண்டுபிடிப்பார்கள். ஐம்பது பேரும் ஒரே வாரத்தில் "சூப்பர் குவாலிட்டி" என்று எழுதியிருந்தால் படிக்கிறவருக்குத் தெரியாதா?

வ்லாகரைக் கூப்பிடலாம். அந்த "தற்செயலாக" மட்டும் வேண்டாம். காசு கொடுத்தாலும் சரி, இலவசமாக நாலு பாட்டில் கொடுத்தாலும் சரி, வந்து தங்கும் செலவை ஏற்றாலும் சரி, அது விளம்பரம் என்று பார்க்கிறவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிமுறை வெளியிட்டிருக்கிறது. என் கடைக்கு வந்த ஒரு பையன் முதல் வரியிலேயே "கட்டண விளம்பரம்" என்று போட்டுத்தான் வீடியோ வெளியிட்டான். அதைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். விளம்பரம் என்று போட்டதற்காக ஒருத்தரும் வராமல் போகவில்லை.

மேல்புறம் தேன் வீடு

தங்கச்சி, நானும் உன் தொழில்தான். வீட்டுக்காரர் பெட்டி பார்க்கிறார், நான் பாட்டிலும் போனும் பார்க்கிறேன். உன் அப்பா எழுந்து போனதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது. அந்தப் பெயர் விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ரப்பர் தேன் என்று சொல்லத் தயங்க என்ன இருக்கிறது? டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை உதிர்கிறது. தளிர் வந்து, இலை முற்றும் நேரத்தில், ஒரு காம்பில் இருக்கும் மூன்று இலைகளும் அதோடு சேரும் இடத்தில் உள்ள சின்னச் சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறுகிறது. விடியற்காலையில் போய்ப் பார், அந்த இடம் மட்டும் ஈரமாக மினுங்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் இனிக்கும். நம்ம பக்கத்து முக்கியமான தேன் சீசன் பூவிலிருந்து வருவதில்லை, இலையிலிருந்து வருகிறது. சென்னையில், கோயம்புத்தூரில் இதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ரப்பர் பால் வெட்டும் அண்ணனிடம் கேட்டு, அவர் ஒரு காம்பை வளைத்துப் பிடிக்க, நான் போனைக் கிட்டே கொண்டுபோய் எடுத்தேன். நான் இதுவரை போட்டதில் ஜனங்கள் அதிகம் பார்த்ததும் அதிகம் கேள்வி கேட்டதும் அந்த வீடியோதான். "ரப்பர் வாசனை வருமா?" என்று கேட்டார்கள். வராது என்று சொல்லி, ஏன் என்றும் விளக்கினேன். அப்படிக் கேட்டவர்களில் பலர் இப்போது வருஷாவருஷம் வாங்குகிறார்கள்.

பாறையில் தொங்குவது பெருந்தேனீயின் அடை. அது பெட்டிக்குள் வளராது. நம் பெட்டியில் இருப்பது இந்தியத் தேனீ, அடை அடையாக அடுக்கி இருட்டுக்குள் கட்டும். விவரம் தெரிந்த ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தாலே போதும், "இவங்க தேனே எடுக்கிறது இல்ல, வாங்கி விக்கிறாங்க" என்று கமெண்ட் போடுவார். அதற்கு நீ என்ன பதில் சொல்வாய்? தவிர அந்தப் படம் யாரோ ஒருவர் மலையேறி எடுத்தது. கேட்காமல் எடுத்துப் போடுவது அவர் உழைப்பைத் திருடுவது. உன் வீட்டிலேயே பெட்டி இருக்கும்போது எதற்கு அடுத்தவர் படம்? அப்பாவின் கை, புகை போடும் டப்பா, தேனீ மெழுகால் மூடிய அடையைச் சீவும் கத்தி, இயந்திரத்தின் அடியிலிருந்து தேன் இறங்கும் முதல் இழை. இதையெல்லாம் சாயங்கால வெளிச்சத்தில் எடு, போதும்.

இன்னொன்று. காசு கொடுத்தாலும் கிடைக்காத கதை நம்மிடம் இருக்கிறது. 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் இருந்தபோதுதான் பெட்டித் தேனீ வளர்ப்பு நம்ம பக்கம் வீடு வீடாகப் பரவியது. 1990-களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து பெட்டி பெட்டியாகக் கூட்டம் அழிந்தது. உன் அப்பாவைக் கேள், காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்த கதை சொல்வார். அதிலிருந்து மீண்டு வந்து, 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதை அப்பா குரலிலேயே பதிவு செய்து போடு. அவர் பேசுவதை அப்படியே விடு, "வணக்கம் நண்பர்களே" எல்லாம் சேர்க்காதே.

ஆனால் புவிசார் குறியீட்டு முத்திரையை நீயாக லேபிளில் அடித்துவிடாதே. புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பெயரைப் பதிவு செய்தவர்தான் அதைப் பயன்படுத்தலாம். அப்பா பெயரில் விண்ணப்பம் போடு, வந்தபிறகு அடிக்கலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கிவிட்டாயா என்று நீ சொல்லவில்லை. பாட்டிலில் அடைத்து விற்க அது வேண்டும். 14 இலக்க எண் வரும், அதை லேபிளிலும் இன்ஸ்டா பக்கத்திலும் போட்டு வை. கேட்கிறவருக்கு அதைவிடச் சுருக்கமான பதில் இல்லை.

சுகர், கேன்சர் போஸ்ட் பற்றி. இதில் எனக்குக் கோபம்தான் வருகிறது. தேனும் இனிப்புதான், சுகர் ஏறும். என் வீட்டிலேயே மாமியாருக்குச் சுகர். "தேன் சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவம் யாருக்கு? சட்டமும் விடாது. சுகர், கேன்சர் போன்ற நோய்களைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று சொல்லக் கூடாது என்று 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனியாக ஒழுங்குமுறை போட்டது. பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில், பரிந்துரை செய்து பேசுகிறவரும் மாட்டுவார். ஏஜென்சிக்காரர் போஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார், பாட்டிலில் இருப்பது உன் அப்பா பெயர்.

அதற்குப் பதில் என்ன போடலாம் என்று கேட்பாய். இடியாப்பத்துக்கு, ஆப்பத்துக்கு, நம்ம ஊர் மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து அதன்மேல் ஊற்ற, எலுமிச்சைத் தண்ணீருக்கு. சாப்பிடும் பொருளைச் சாப்பிடும் பொருளாகக் காட்டு. மட்டிப் பழத்துக்கும் 2023-ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது, இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நான் ஒரு படம் போட்டேன், வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்து ஏங்கி ஏங்கிப் பதில் எழுதினார்கள்.

"தண்ணீரில் விட்டால் கரையாமல் இறங்கும், இதுதான் சுத்தத் தேன்" என்ற வீடியோவும் எடுக்காதே. கெட்டியாகக் காய்ச்சிய பாகும் அப்படித்தான் இறங்கும். 2020 டிசம்பரில் டெல்லியின் சி.எஸ்.இ. (அறிவியல், சுற்றுச்சூழல் மையம்) அமைப்பு பல கம்பெனித் தேன்களைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் சீனிப்பாகு கலந்திருப்பதாகவும் வழக்கமான ஆய்வகச் சோதனைக்கே அது பிடிபடுவதில்லை என்றும் வெளியிட்டது. கம்பெனிகள் மறுத்தன. எப்படியோ, அதன் பிறகு ஜனங்கள் சந்தேகத்தோடுதான் வாங்குகிறார்கள். அந்தச் சந்தேகத்துக்கு டம்ளர் தண்ணீரில் பதில் சொல்ல முடியாது.

சந்தேகம் எப்படி வரும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு ஜனவரி மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா என் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி கமெண்ட் போட்டார். பாட்டிலின் அடியில் பாதி வரை வெள்ளையாக உறைந்த படம். "சீனி கலந்து விற்கிறீர்களே, இது அடுக்குமா?" என்று கேட்டிருந்தார். என் மகன் "அழித்துவிட்டு பிளாக் பண்ணும்மா" என்றான். நான் அழிக்கவில்லை. அவர் காசு கொடுத்து வாங்கியவர், கேட்க அவருக்கு உரிமை உண்டு. அந்தக் கமெண்டுக்குக் கீழேயே எழுதினேன்: தேனில் குளுக்கோஸ் இருக்கிறது, குளிர்காலத்தில் அது மணியாக உறையும், ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் உறையும். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி வையுங்கள், அடுப்பில் வைக்காதீர்கள். அப்படியும் மனசு ஆறவில்லை என்றால் பாட்டிலைத் திருப்பி அனுப்புங்கள், கொரியர் செலவோடு பணம் தருகிறேன்.

அன்று ராத்திரி அதே தடவை அடைத்ததில் என்னிடம் மீதியிருந்த பாட்டில் ஒன்றை எடுத்து, அதுவும் உறைந்திருந்தது, வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வீடியோ எடுத்தேன். பின்னால் டீவி சத்தம் கேட்கும், வெட்டவில்லை. வெள்ளை மெல்ல மெல்ல ஓரத்திலிருந்து கரைந்து, நடுவில் ஒரு கட்டி மட்டும் மிதந்து, அதுவும் போனது. மறுநாள் அந்த அம்மாவும் தன் பாட்டிலைச் செய்து பார்த்துப் படம் அனுப்பினார். தன் கமெண்டை எடுத்துவிடட்டுமா என்று அவரே கேட்டார். இருக்கட்டும் என்றேன். இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு குளிருக்கும் யாராவது அதே கேள்வியோடு வருவார்கள், அதைப் படித்துவிட்டுப் போவார்கள். நீ முதல் பாட்டில் விற்கும் முன்னாலேயே "இந்தத் தேன் உறையும்" என்று லேபிளில் போட்டுவிடு.

இன்னொரு தகவல், விளம்பரத்தோடு நேரடிச் சம்பந்தம் இல்லை, ஆனால் அதில்தான் பெயர் கெடும். தேனில் ஈரப்பதம் நூற்றுக்கு 20-க்கு மேல் போகக் கூடாது என்பது உணவு ஆணையத்தின் அளவு. நம்ம ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், மூடாத அடையிலிருந்து அவசரப்பட்டு எடுத்தால் பாட்டிலுக்குள் புளித்து மூடி உப்பும். கொரியரில் போகும்போது அது ஒழுகினால் அடுத்த நாள் உன் பக்கம் முழுக்க அந்தப் படம்தான். அளவு பார்க்கும் கருவி ஒன்று வாங்கு, அளக்கும்போது அதையும் காட்டு.

கல்குளத்து நர்ஸ்

நான் குவைத்தில் வேலை பார்க்கிறேன். ஊர் தக்கலை பக்கம். விற்கிறவள் இல்லை, வாங்குகிறவள். மேல்புறம் அக்கா சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும்.

ஒன்று, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்துகள் இருக்கும். பெரியவர்களின் குடல் அதைத் தாங்கும், கைக்குழந்தையின் குடலில் அது நஞ்சை உண்டாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் குழந்தை மூச்சுவிடத் திணறும் அளவுக்குப் போகும். சுத்தத் தேனா கலப்படமா என்பது இதில் கேள்வியே இல்லை. நம்ம வீடுகளில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறோம் என்று தேனைத் தொட்டு வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. "சேனை வைக்கச் சுத்தமான மலைத்தேன்" என்று தொட்டில் படத்தோடு விளம்பரமே பார்த்திருக்கிறேன். நெஞ்சு பதறிவிட்டது. நீங்கள் லேபிளிலும், வாட்ஸ்அப் கேட்லாகிலும், ஒவ்வொரு வீடியோவின் கீழும் "ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். தேன் விற்கிறவரே சொன்னால் பாட்டிமார்கூடக் கேட்பார்கள். நர்ஸ் சொல்லிக் கேட்காதவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது அந்த வாட்ஸ்அப் குரூப். ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்காக என் நம்பரைக் கொடுத்திருந்தேன். அது எப்படியோ கைமாறி, யாரோ நடத்தும் புடவை குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். இருநூறு பேருக்கு மேல் இருந்த குரூப் அது, எல்லோருக்கும் என் நம்பர் தெரியும். நைட் டியூட்டி முடிந்து படுத்திருக்கும்போது முகம் தெரியாத ஆண்களிடமிருந்து "ஹாய் சிஸ்டர்". ஒவ்வொருவராக பிளாக் செய்து, கடைசியில் நம்பரையே மாற்ற வேண்டியதாயிற்று. புடவை விற்றவருக்கு இது தெரியக்கூட வந்திருக்காது. உங்கள் அம்மா குழுவில் இருக்கிற பெண்கள் கடன் விஷயத்துக்காக, கூட்டத்துக்காக நம்பர் கொடுத்தவர்கள். தேன் விளம்பரத்துக்குக் கொடுக்கவில்லை. ஒரு காரியத்துக்கு வாங்கிய விவரத்தை வேறு காரியத்துக்கு எடுப்பதற்குத் தனியாகச் சம்மதம் வேண்டும் என்பதுதான் 2023-ல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்தின் அடிப்படையே.

மேல்புறம் தேன் வீடு

நர்ஸ் தங்கச்சி சொன்னது ஒவ்வொன்றும் சரி. சேனை விஷயம் என் லேபிளில் இருக்கிறது, வீடியோக்களின் கீழே இல்லை. இன்றைக்கே எல்லாவற்றிலும் எழுதிவிடுகிறேன்.

குரூப்புக்குப் பதில் நான் செய்வதைச் சொல்கிறேன். வாட்ஸ்அப் பிசினஸில் பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை. ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது, தனித்தனிச் செய்தியாகப் போகும். உன் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும் என்பதால், வேண்டாதவரைத் தொந்தரவு செய்யவும் வழியில்லை. பார்சலோடு ஒரு சீட்டு வைக்கிறேன்: "அடுத்த சீசன் தேன் வந்ததும் சொல்ல வேண்டுமானால் இந்த நம்பரைச் சேமித்து 'தேன்' என்று ஒரு செய்தி அனுப்புங்கள். வேண்டாம் என்றால் 'போதும்' என்று அனுப்புங்கள்." போதும் என்று வந்தால் உடனே எடுத்துவிடுவேன், ஏன் என்று கேட்க மாட்டேன். சீசன் தொடங்கும்போது ஒரு செய்தி, சரக்கு தீரப் போகும்போது ஒன்று. குட்மார்னிங் படம், பண்டிகை வாழ்த்து எதுவும் கிடையாது. நிறைய பேர் பிளாக் செய்து புகார் கொடுத்தால் வாட்ஸ்அப்பே கணக்கை முடக்கிவிடும், ஆர்டர் எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்.

ஆலயக் குழுவில் சொல்ல ஆசை என்றால் நடத்துகிறவரிடம் கேட்டு, அவர் சரி என்றால் ஒரே ஒரு முறை சொல். அவ்வளவுதான்.

அருமனை பெட்டித்தேன்

அண்ணனுக்கும் அக்காமாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். வைரஸ் நோய் பற்றி அக்கா எழுதிய இடத்தில் நிறுத்தச் சொல்லி, தானே பேசத் தொடங்கிவிட்டார். அதைப் பதிவு செய்துவிட்டேன். ஏஜென்சியை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. லேபிளில் "ரப்பர் தேன், அருமனை" என்றே போடப் போகிறோம். உணவுப் பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், எண் வரும்வரை விற்கவில்லை.

ஒரே ஒரு விஷயம் உறுத்துகிறது. மழைக்காலத்தில் நாங்கள் பெட்டிக்குச் சீனிப்பாகு வைக்கிறோம். எல்லோரும் வைக்கிறார்கள், வைக்காவிட்டால் கூட்டம் பட்டினியில் பெட்டியை விட்டே போய்விடும். அப்பா சிரட்டையில் பாகு ஊற்றுவது என் பழைய வீடியோ ஒன்றில் இருக்கிறது. அதை எடுத்துவிடுவதா? வெளியே தெரிந்தால் சீனி போட்டு எடுத்த தேன் என்று சொல்லிவிடுவார்களே. மறைப்பதும் பொய் சொல்வது போல இருக்கிறது.

மேல்புறம் தேன் வீடு

எடுக்காதே. அதற்கு மேலே ஒரு புது வீடியோ போடு. நீயாகச் சொன்னால் அது தேனீ வளர்ப்பு. அடுத்தவர் கண்டுபிடித்துச் சொன்னால் அது கலப்படம் என்று ஆகிவிடும், அப்புறம் நீ என்ன விளக்கினாலும் காதில் ஏறாது.

எப்படிச் சொல்வது என்றால், நடப்பதை அப்படியே சொல். ஜூனில் மழை பிடித்தால் நவம்பர் வரை நம்ம பக்கம் தேனீக்குத் தீனி குறைவு. அந்த மாதங்களில் சீனியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, சிரட்டையில் ஊற்றி, தேனீ முங்கிச் சாகாமல் இருக்க ஒரு சுள்ளியைப் போட்டு, பெட்டிக்குள் வைக்கிறோம். அது கூட்டம் உயிரோடு இருக்க. அந்தச் சமயத்தில் பெட்டியிலிருந்து தேன் எடுப்பதே இல்லை. ரப்பர் தளிர்த்துத் தேன் வரத்து தொடங்கும் முன்பே பாகை நிறுத்திவிடுகிறோம். அதன் பிறகுதான் மேலே தேன் அறையை ஏற்றுகிறோம், எடுப்பதும் அந்த அறையிலிருந்து மட்டும்தான், கீழே தேனீப் புழுக்கள் வளரும் அறையைத் தொடுவதில்லை. பெட்டியைத் திறந்து கீழ் அறை இது, மேல் அறை இது என்று அப்பாவையே கையால் தொட்டுக் காட்டச் சொல்.

ஆனால் முதலில் அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள். உங்கள் வீட்டில் பாகை எப்போது நிறுத்துகிறார், தேன் அறையை எந்த வாரம் ஏற்றுகிறார் என்று. நான் எழுதிய வரியை அப்படியே எடுத்துப் போடாதே, உங்கள் பெட்டியில் நடப்பதைப் போடு. இந்த வருஷத்திலிருந்து ஒரு நோட்டில் தேதி எழுதி வை: பாகு நிறுத்திய தேதி, அறை ஏற்றிய தேதி, தேன் எடுத்த தேதி, எந்தத் தோட்டம். பாட்டிலில் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) போடுவாய் அல்லவா, அந்த எண்ணோடு இந்தத் தேதிகளைச் சேர்த்துவிடு. யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு.

தோட்டத்தின் பெயரைப் போடும் முன் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், சிலருக்குப் பிடிக்காது. லேபிள் வாசகம் தயாரானதும் அச்சுக்குக் கொடுக்கும் முன் இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.